பாராமெட்ரிக் ஈக்வலைசர் சுற்று: எந்த ஆப்-ஆம்ப் என்பதற்கு முன், கெயின் பாட் எங்கே இணைகிறது?

வடிகட்டி:

அனைவருக்கும் வணக்கம். எட்டுச் சேனல்கள் கொண்ட சிறிய அனலாக் மிக்ஸிங் கன்சோல் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். மைக் ப்ரீஆம்ப், ஃபேடர், பஸ் கூட்டல் ஆகியவற்றின் சுற்றுகள் முடிந்துவிட்டன. ஒலியின் அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் பகுதி மட்டும் மீதமிருக்கிறது. ஒவ்வொரு சேனலிலும் மேலே ஒரு ஷெல்விங் (ஓர் எல்லைக்கு அப்பால் உள்ள அதிர்வெண்கள் முழுவதையும் ஏற்றி இறக்குவது), கீழே ஒரு ஷெல்விங், நடுவில் இரண்டு முழு பாராமெட்ரிக் பேண்டுகள் என்பது திட்டம். நடுப் பேண்டுகளில் மைய அதிர்வெண், ஏற்ற இறக்க அளவு, க்யூ (மேடோ பள்ளமோ எவ்வளவு கூர்மை என்ற அளவு) ஆகிய மூன்றையும் ஒன்றை மற்றொன்று பாதிக்காதபடி திருப்ப முடிய வேண்டும். ஏற்றமும் இறக்கமும் 15 டெசிபெல் வரை போதும். சப்ளை பிளஸ் மைனஸ் 15 வோல்ட்.

என் கேள்வி ஆப்-ஆம்ப் (ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபையர் என்ற பெருக்கிச் சிப்) பற்றியது. டிஎல் 072, என்இ 5532, ஓபிஏ 2134, எல்எம் 4562 ஆகியவற்றுள் ஈக்வலைசருக்கு எதை மொத்தமாக வாங்குவது நல்லது? விலை வேறுபாடு பெரிது என்பதால் முன்கூட்டியே முடிவு செய்ய விரும்புகிறேன்.

இரட்டைகேங்:

நண்பரே, பழைய கன்சோல்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆப்-ஆம்பைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். ஈக்வலைசர் எப்படி நடந்துகொள்ளும், எவ்வளவு இரையும் என்பவற்றில் பெரும்பகுதியைச் சுற்றின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது. முதலில், நடுப் பேண்டுக்கு எந்த வகை ஃபில்டரை எண்ணியிருக்கிறீர்கள்?

வடிகட்டி:

வீன் நெட்வொர்க் (இரண்டு மின்தடைகளும் இரண்டு மின்தேக்கிகளும் கொண்ட ஃபில்டர்) ஐயா. ஒரு பேண்டுக்கு ஆப்-ஆம்புகள் குறைவாகவே போதும் என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். சிறிய மிக்ஸர்கள் பலவற்றின் வரைபடங்களில் அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இரட்டைகேங்:

க்யூவைத் திருப்பத் தேவையில்லாத, அதிர்வெண்ணை மட்டும் நகர்த்தும் ஸ்வெப்ட் மிட் வகைக்கு வீன் மிகவும் பொருத்தமானது. அந்தச் சிறிய மிக்ஸர்கள் அதைத் தேர்ந்தது சரியே. உங்கள் தேவை வேறு. வீன் நெட்வொர்க்கின் இயல்பான க்யூ மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் கூர்மை வேண்டுமானால், வெளியீட்டில் ஒரு பகுதியை அதே குறியில் உள்ளீட்டுக்குத் திருப்பும் பாசிட்டிவ் ஃபீட்பேக் கொடுத்துத்தான் உயர்த்த வேண்டும்.

இப்போது இரட்டை கேங் பாட்டின் (ஒரே தண்டில் சேர்ந்து திரும்பும் இரண்டு மாறும் மின்தடைகள்) குணத்தைச் சேர்த்துப் பாருங்கள். கார்பன் தட பாட்களில் இரு கேங்குகளும் திருப்பம் முழுவதும் ஒரே மதிப்பில் நடப்பதில்லை. நடுவழியில் 20 சதவீதம் வரை விலகினால் வியப்படைய வேண்டாம். வீன் நெட்வொர்க்கில் மைய அதிர்வெண்ணில் கிடைக்கும் வெளியீடு அந்த இரண்டு மின்தடைகளின் விகிதத்தையே சார்ந்தது: இரண்டும் சமமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, ஒன்று 20 சதவீதம் கூடினால் 3.2இல் ஒரு பங்கு. வெறும் வீனில் இது அரை டெசிபெலுக்குச் சற்றே மேற்பட்ட பிழை, யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பாசிட்டிவ் ஃபீட்பேக்கால் க்யூவை உயர்த்தும்போது நாம் நம்பியிருப்பது இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாட்டை; அந்த அரை டெசிபெல் அங்கே பல மடங்காகப் பெருகுகிறது. அதிர்வெண் பாட்டைத் திருப்பினால் ஏற்ற அளவும் க்யூவும் கூடவே அலையும் மிக்ஸர்கள் என் மேசைக்கு வந்ததுண்டு. மூன்று கட்டுப்பாடுகளும் தனித்தனியே இயங்க வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஸ்டேட் வேரியபிள் ஃபில்டருக்குச் செல்லுங்கள்.

ஓசைநெறி:

முந்தைய பதிவுடன் உடன்படுகிறேன். ‘பாராமெட்ரிக்’ என்ற பெயர் பிறந்ததே இந்தத் தனித்தன்மையைச் சுட்டுவதற்காகத்தான். ஜார்ஜ் மாசன்பர்க் 1972இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் 42ஆவது மாநாட்டில் ‘பாராமெட்ரிக் ஈக்வலைசேஷன்’ என்ற கட்டுரையை வழங்கினார். அதற்குப் பிறகே அச்சொல் ஸ்டூடியோக்களில் நிலைத்தது. டேனியல் ஃப்ளிக்கிங்கர் அதிர்வெண்ணை நகர்த்தும் ஈக்வலைசர் சுற்றுக்கு 1971இல் விண்ணப்பித்து 1973இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்பதும் இதையொட்டி நினைவில் கொள்ள வேண்டியது. இவற்றுக்கு முன்பே, 1967இல், கெர்வின், ஹியூல்ஸ்மன், நியூகோம் ஆகிய மூவரும் ஸ்டேட் வேரியபிள் ஃபில்டரை வெளியிட்டிருந்தார்கள். இன்று அவர்களின் முதலெழுத்துகளாலேயே அது கேஎச்என் ஃபில்டர் எனப்படுகிறது.

அமைப்பு எளியது: ஒரு கூட்டும் ஆப்-ஆம்ப், அதன்பின் இரண்டு இன்டக்ரேட்டர்கள். முதல் ஆப்-ஆம்பின் வெளியீடு ஹைபாஸ் (உயர் அதிர்வெண்கள்), முதல் இன்டக்ரேட்டரின் வெளியீடு பேண்ட்பாஸ் (மையத்தை ஒட்டியவை), இரண்டாவதன் வெளியீடு லோபாஸ் (தாழ்ந்தவை). லோபாஸ் வெளியீடு கூட்டும் ஆப்-ஆம்பின் இன்வெர்டிங் (குறியைத் திருப்பும்) முனைக்குத் திரும்புகிறது. பேண்ட்பாஸ் வெளியீடு நான்-இன்வெர்டிங் முனைக்குத் திரும்பி க்யூவைத் தீர்மானிக்கிறது.

பாடநூல் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு சிக்கல் எழும். உள்ளீட்டை இன்வெர்டிங் முனையில் கொடுத்தால் மைய அதிர்வெண்ணில் பேண்ட்பாஸின் கெயின் (பெருக்கும் அளவு) க்யூவுக்குச் சமமாகிவிடும். க்யூ பாட்டைத் திருப்பினால் ஏற்றமும் சேர்ந்து ஏறும். இதைத் தவிர்க்க இரட்டை பாட் தேவையில்லை. உள்ளீட்டையும் பேண்ட்பாஸ் வெளியீட்டையும் சமமான இரண்டு 10 கிலோஓம் மின்தடைகள் வழியாக நான்-இன்வெர்டிங் முனைக்கே கொண்டுவாருங்கள். அதே முனையிலிருந்து பூமிக்கு மாறும் மின்தடை ஒன்றை இணையுங்கள். அதுவே க்யூ பாட். மைய அதிர்வெண்ணில் ஹைபாஸும் லோபாஸும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அந்த முனையின் மின்னழுத்தம் சுழியாக வேண்டும். அப்படியானால் பேண்ட்பாஸ் வெளியீடு, உள்ளீட்டுக்குச் சமமாகவும் எதிர்க் குறியிலும் இருந்தே தீரும், பூமிக்குப் போகும் மின்தடை எதுவாக இருந்தாலும். க்யூ மாறும், உச்சி மாறாது, அதற்கு ஒரே ஒரு பாட் போதும்.

கூட்டும் ஆப்-ஆம்பின் நான்-இன்வெர்டிங் கெயின் 3 ஆகும்படி இன்வெர்டிங் முனையிலிருந்து பூமிக்கு இன்னொரு சமமான மின்தடையைச் சேர்த்துவிட்டால், க்யூ மதிப்பு (2 ÷ 3) × (1 + 5 ÷ பூமி மின்தடை) என்று வரும், மின்தடை கிலோஓமில். 10 கிலோஓம் பாட்டோடு தொடரில் 1 கிலோஓம் வைத்தால் க்யூ 0.97 முதல் 4 வரை நகரும். லாக் வகை பாட்டை (மின்தடை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறுவது) எடுத்து, இடது கோடியில் கூர்மை வரும்படி இணைத்தால் கூர்மையான பகுதி ஒரே மூலையில் நெருக்கியடித்துக்கொள்ளாது.

மேலே சொன்ன எதிர்க் குறியை மறந்துவிட வேண்டாம். அதனால் என்ன நேரும் என்பதைக் கெயின் பாட் பற்றிப் பேசும்போது எழுதுகிறேன்.

வடிகட்டி:

மிக்க நன்றி ஐயா. க்யூ பாட் தந்திரம் தெளிவாகிவிட்டது. அதிர்வெண் பாட் பற்றி ஒரு கேள்வி. 10 கிலோஓம் இரட்டை கேங், தொடரில் 1.1 கிலோஓம், மின்தேக்கி 18 நானோஃபாரட் என்று கணக்கிட்டேன். ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸ் முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை வருகிறது. ஆனால் மின்தடை குறையக் குறைய அதிர்வெண் கூடுவதால் ரிவர்ஸ் லாக் பாட் வேண்டியிருக்கிறது. ரிச்சி தெருவில் நான் விசாரித்த கடைகளில் இரட்டை கேங்கில் லீனியரும் லாக்கும்தான் இருந்தன.

இரட்டைகேங்:

ரிவர்ஸ் லாக்கைத் தேடி அலைய வேண்டாம். பாட்டைத் தொடர் மின்தடையாகப் பயன்படுத்தாமல் மின்னழுத்தப் பகுப்பானாகப் பயன்படுத்துங்கள். முந்தைய நிலையின் வெளியீட்டைப் பாட்டின் மேல் முனைக்குக் கொடுத்து, கீழ் முனையை 1.1 கிலோஓம் வழியாகப் பூமிக்கு இணைத்து, வைப்பரிலிருந்து (பாட்டின் நகரும் முனை) 3.3 கிலோஓம் வழியாக இன்டக்ரேட்டருக்குச் செல்லுங்கள். இன்டக்ரேட்டரின் உள்ளீடு விர்ச்சுவல் எர்த் (பூமியோடு இணையாமலே சுழி மின்னழுத்தத்தில் நிற்கும் புள்ளி) என்பதால் 3.3 கிலோஓம் வைப்பர் மீது சுமையாகிறது. அந்தச் சுமையே லீனியர் பாட்டின் போக்கை லாக் போலக் கீழ்நோக்கி வளைத்துவிடுகிறது.

எண்களையும் தருகிறேன். 10 கிலோஓம் லீனியர் பாட், 6.8 நானோஃபாரட் மின்தேக்கி என்று கொண்டால், மேல் எல்லை சுமார் 7.1 கிலோஹெர்ட்ஸ், கீழ் எல்லை சுமார் 540 ஹெர்ட்ஸ், பாட் சரிநடுவில் நிற்கும்போது சுமார் 2.1 கிலோஹெர்ட்ஸ். காதுக்கு நடு என்று தோன்றும் பெருக்கல் சராசரி 1.96 கிலோஹெர்ட்ஸ்; இதைவிட நெருக்கமான பொருத்தத்தை ரிவர்ஸ் லாக் பாட்டிடமிருந்துகூட எதிர்பார்க்க முடியாது. வலப்புறம் திருப்பினால் அதிர்வெண் ஏறும் என்பதும் தானாகவே அமைந்துவிடுகிறது. கீழ் நடுப் பேண்டுக்கு மின்தேக்கியை மட்டும் பத்து மடங்காக்கினால் 54 முதல் 710 ஹெர்ட்ஸ் வரை.

கேங் விலகலைப் பற்றி முன்பு எழுதியதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு கேங் 20 சதவீதம் தவறினால் மைய அதிர்வெண்ணும் க்யூவும் ஏறத்தாழ 10 சதவீதம் நகரும். உச்சியின் உயரம் நகராது, ஏனெனில் ஓசைநெறி விளக்கிய அந்தச் சுழி நிபந்தனைக்கு இன்டக்ரேட்டர்களின் சமநிலை தேவையே இல்லை. இத்தனை ஆப்-ஆம்புகளுக்குச் செலவழிப்பது இதற்காகத்தான்.

மேடைக்காது:

நான் சுற்று வடிவமைப்பவன் அல்லன். கச்சேரி மேடைகளில் ஒலி கலப்பவன். இருந்தாலும் பயன்படுத்துபவனின் பக்கத்திலிருந்து ஒன்று கேட்க வேண்டும். சில கன்சோல்களில் க்யூவை மிகக் கூர்மையாக வைத்து, மானிட்டர் ஊளையிடும் அதிர்வெண்ணில் 5 அல்லது 6 டெசிபெல் மட்டும் இறக்கினால், ஊளை நிற்பதற்கு முன் பாடகரின் குரலில் இருக்கும் சதை போய்விடுகிறது. அதே அளவு இறக்கத்தை வேறு சில கன்சோல்களில் செய்தால் ஊளை மட்டும் போகிறது. இரண்டிலும் க்யூ பாட்டின் மீது அச்சிட்டிருக்கும் எண் ஒன்றுதான். இது காதின் மயக்கமா, சுற்றின் குணமா?

ஓசைநெறி:

சுற்றின் குணம்தான். காரணம் ஃபில்டருக்குள் இல்லை. கெயின் பாட்டின் நடுப்புள்ளி எங்கே இணைந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

மிகப் பரவலான அமைப்பு, பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட டோன் கண்ட்ரோலின் வழித்தோன்றல். கெயின் 1 கொண்ட இன்வெர்டிங் பெருக்கி ஒன்று: உள்ளீட்டு மின்தடை 10 கிலோஓம், ஃபீட்பேக் மின்தடை 10 கிலோஓம். அதன் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே கெயின் பாட் நிற்கிறது. வைப்பர் ஃபில்டருக்குச் செல்கிறது. ஃபில்டரின் வெளியீடு 2.2 கிலோஓம் வழியாக அதே பெருக்கியின் விர்ச்சுவல் எர்த்தில் சேர்கிறது. பாட்டின் இரு முனைகளிலும் சமமும் எதிருமான சமிக்ஞைகள் இருப்பதால் நடுவில் வைப்பருக்குச் சுழிதான் கிடைக்கும், பதிலளிப்பு தட்டையாகும். உள்ளீட்டுப் பக்கம் திருப்பினால் ஏற்றம், வெளியீட்டுப் பக்கம் திருப்பினால் இறக்கம். இரண்டும் கண்ணாடிப் பிம்பங்கள்.

10 கிலோஓமை 2.2 கிலோஓமால் வகுத்தால் வரும் 4.545ஐ ‘க’ என்றும், வைப்பர் உள்ளீட்டு முனையை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்ற பங்கை ‘ப’ என்றும் வைத்துக்கொள்வோம். மைய அதிர்வெண்ணில் கெயின் = (1 + க × ப) ÷ (1 + க × (1 − ப)). முழு ஏற்றத்தில் 5.545, அதாவது 14.9 டெசிபெல். நடுவுக்கும் கோடிக்கும் சரிபாதியில் 6.3 டெசிபெல். லீனியர் பாட்டுக்கு இது மோசமில்லாத போக்கு.

க்யூவுக்கு வருவோம். கீழே இருக்கும் கோவை, அதாவது 1 + க × (1 − ப), மொத்தச் சுற்றின் தணிப்பையும் தீர்மானிக்கிறது. ஏற்றத்தின்போது ஃபில்டரின் க்யூவை அந்தக் கோவையால் வகுத்ததே நமக்குக் கிடைக்கும் க்யூ. முழு ஏற்றத்தில் வகுக்கும் எண் 1. நீங்கள் 3 என்று வைத்தால் 3 கிடைக்கும். 6.3 டெசிபெலில் வகுக்கும் எண் 2.136, கிடைப்பது 1.4. தட்டையை நெருங்கும்போது வகுக்கும் எண் 3.27, கிடைப்பது 0.92. பிம்பச் சமச்சீரால் இறக்கத்திலும் இதே கதை. ஆகவே நீங்கள் 6 டெசிபெல் இறக்கிய அந்தக் கன்சோலில் பாட்டின் மீது 3 என்று அச்சிட்டிருந்தாலும், சுற்று உங்களுக்கு வழங்கியது அதில் பாதியும் இல்லை. குரலின் சதை போனதற்கு இதுவே காரணம். இந்த நடத்தையை ப்ரபோர்ஷனல் க்யூ என்பார்கள். ஏபிஐ நிறுவனம் தன் 550 வரிசையின் சிறப்பாகவே இதைச் சொல்கிறது.

இப்போது ஒரே ஒரு மாற்றம்: நடுவில் முனை வெளிவந்திருக்கும் சென்டர் டேப் பாட்டை எடுத்து, அந்த நடுமுனையைப் பூமியில் இணையுங்கள். ஏற்றப் பாதியில் வைப்பருக்கு உள்ளீடு மட்டும் கிடைக்கும், வெளியீட்டின் கலப்பு இராது. ‘ப’வை இப்போது நடுமுனையில் 0, கோடியில் 1 என்று அளந்தால் கெயின் = 1 + க × ப ஆகிவிடும்; கீழே தணிப்பைக் கெடுக்க எதுவும் இல்லை. 1 டெசிபெலிலும் 15 டெசிபெலிலும் ஃபில்டரின் க்யூ 3 என்றால் 3தான். மற்றக் கன்சோலில் ஊளை மட்டும் போனது இதனால் இருக்கலாம். இதற்குக் கான்ஸ்டன்ட் க்யூ என்று பெயர்.

முன்பு தள்ளிவைத்த எதிர்க் குறியை இப்போது சேர்க்க வேண்டும். ஃபில்டர் வழியாக விர்ச்சுவல் எர்த்துக்கு வரும் சமிக்ஞை, வைப்பரில் இருப்பதன் அதே குறியில் வர வேண்டும். நம் பேண்ட்பாஸோ எதிர்க் குறியில் வருகிறது. எனவே வைப்பருக்கும் ஃபில்டருக்கும் இடையே 22 கிலோஓம் மின்தடைகளோடு ஓர் இன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும்; வைப்பரை அதிகமாகச் சுமையேற்றாமல் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அதுவே செய்துவிடும். இன்வெர்ட்டரை விட்டுவிட்டால் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகி, கெயின் பாட் நடுவில் இருக்கும்போதே லூப் கெயின் 2.27 ஆகிவிடும். ஈக்வலைசர் தன் மைய அதிர்வெண்ணில் சைன் அலை ஜெனரேட்டராக வேலை செய்யும். பாட்டின் முனைகளை மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் தீராது.

மேடைக்காது:

இத்தனை ஆண்டுகளாக ‘இந்த மேசை இனிமை, அந்த மேசை கறார்’ என்று பேசிவந்ததற்கு ஒரு முனையின் இணைப்பா காரணம்? அப்படியானால் என் வாக்கு கான்ஸ்டன்ட் க்யூவுக்கே. மேடையில் க்யூ பாட் சொன்னதைச் செய்ய வேண்டும்.

இரட்டைகேங்:

மேடைக்கு உங்கள் வாக்கு நியாயமானது. ரெக்கார்டிங்குக்கு நான் மாறுபடுகிறேன். குரலுக்கு 2 டெசிபெல் ஒளி கூட்ட வேண்டுமென்றால் அது அகலமாக வருவதே நல்லது; 2 டெசிபெல் உயரத்தில் கூர்மையான மேட்டைப் பெரும்பாலும் காது பொருட்படுத்துவதில்லை. மாறாக, ஒருவர் பாட்டைக் கோடிவரை திருப்புகிறார் என்றால் குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார் என்று பொருள். அப்போது கூர்மை வேண்டும். ப்ரபோர்ஷனல் க்யூவில் இரண்டும் ஒரே கைத்திருப்பத்தில் கிடைக்கின்றன. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடைமுறையில் இன்னொன்றும் உண்டு. சென்டர் டேப் பாட் எளிதில் கிடைக்கும் பொருள் அன்று. கான்ஸ்டன்ட் க்யூதான் வேண்டுமென்றால், ஏற்றமா இறக்கமா என்று தேர்ந்தெடுக்கும் ஒரு டாகிள் சுவிட்ச் வைத்து, தேர்ந்த புள்ளியிலிருந்து பூமிக்குச் சாதாரண பாட் ஒன்றை இணைத்தால் அதே கணக்கு வரும். சுழிக்கு இரு பக்கமும் கை வழுக்கிச் செல்லும் வசதி மட்டும் போய்விடும்.

வடிகட்டி:

என் மிக்ஸர் வீட்டு ரெக்கார்டிங்குக்கு என்பதால் ப்ரபோர்ஷனல் க்யூவையே வைத்துக்கொள்கிறேன். மேடைக்காது அண்ணா மன்னிக்க வேண்டும்! இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. கெயின் பாட் நிற்கும் அந்த இன்வெர்டிங் பெருக்கியை இரண்டு நடுப் பேண்டுகளுக்கும் பொதுவாக்கினால் ஓர் ஆப்-ஆம்ப் மிச்சமாகுமே, செய்யலாமா? இரைச்சலுக்கு எந்த ஆப்-ஆம்ப் நல்லது என்ற முதல் கேள்விக்கும் இப்போதாவது விடை கேட்கலாமா?

ஓசைநெறி:

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்தப் பெருக்கியின் சிக்னல் கெயின் 1 என்பதால் இரைச்சலும் அப்படியே போகும் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் விர்ச்சுவல் எர்த்தில் 10 கிலோஓமும் 2.2 கிலோஓமும் பக்கவாட்டில் தொங்குகின்றன. ஆகவே ஆப்-ஆம்பின் சொந்த இரைச்சலுக்கு அது கொடுக்கும் கெயின் 6.55, அதாவது 16.3 டெசிபெல். மைய அதிர்வெண்ணுக்கு அருகில் ஃபில்டர் லூப் இதைக் கொஞ்சம் அடக்கும், விலகிய பகுதியில் அடக்காது. ஈக்வலைசர் தட்டையாக நின்றாலும் இந்த இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும்.

என்இ 5532இன் இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 5 நானோவோல்ட் என்று கொண்டு, மின்தடைகளின் வெப்ப இரைச்சலையும் சேர்த்தால், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் மைனஸ் 101 டிபியூ (0.775 வோல்ட்டை 0 எனக் கொண்ட டெசிபெல் அளவு). டிஎல் 072க்கு அந்த எண் 18 நானோவோல்ட். அதே இடத்தில் அதை வைத்தால் சுமார் மைனஸ் 93. எல்எம் 4562ஐ வைத்து, மின்தடைகளையும் 4.7 கிலோஓம், 1 கிலோஓம் என்று பாதியாக்கினால் சுமார் மைனஸ் 105. மின்தடைகளைக் குறைக்காமல் விலையுயர்ந்த ஆப்-ஆம்பை மட்டும் வாங்கினால் மின்தடைகளின் இரைச்சலே மேலோங்கி நிற்கும். பணத்துக்குப் பலன் கிடைக்காது.

பொதுப் பெருக்கியைப் பற்றி: இரண்டு 2.2 கிலோஓம்கள் ஒரே முனையில் தொங்கினால் இரைச்சல் கெயின் 20.9 டெசிபெலாக ஏறும். தனித்தனிப் பெருக்கிகளைத் தொடரில் வைத்தால் இரண்டும் சேர்ந்து 19.3தான். மேலும் இரண்டு பேண்டுகளையும் ஒரே அதிர்வெண்ணில் முழுதாக ஏற்றினால் பொதுப் பெருக்கியில் அவை கூட்டலாகச் சேர்ந்து 20 டெசிபெலோடு நின்றுவிடும். தொடரில் பெருக்கலாகச் சேர்ந்து கிட்டத்தட்ட 30 டெசிபெல் தரும். 30 டெசிபெல் யாருக்கும் தேவையில்லைதான். ஆனால் ஒரு பேண்டைத் தொட்டால் மற்றொன்றின் வளைவு மாறக் கூடாது என்பதே உங்கள் முதல் பதிவின் நிபந்தனை. தனித்தனியாகவே வையுங்கள்.

இரட்டைகேங்:

ஓசைநெறி சொன்ன எண்களுக்கு ஓர் அளவுகோல் தருகிறேன். உள்ளீட்டுக்கு ஈடான இரைச்சல் மைனஸ் 128 டிபியூ உள்ள நல்ல மைக் ப்ரீஆம்பை 40 டெசிபெல் கெயினில் வைத்தால் அதன் வெளியீட்டு இரைச்சல் மைனஸ் 88. அதோடு ஒப்பிட்டால் மைனஸ் 101ஐ மறந்துவிடலாம். மைனஸ் 93ஐயும் பலர் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் லைன் உள்ளீட்டில் கெயின் இல்லாமல் வரும் கீபோர்டுக்கு அந்த மறைப்பு கிடையாது. எட்டுச் சேனல்கள் பஸ்ஸில் கூடும்போது இரைச்சல் 9 டெசிபெல் ஏறவும் செய்யும். ஆகவே கெயின் பாட் நிற்கும் பெருக்கிக்கு என்இ 5532 வாங்குங்கள். ஃபில்டரின் கூட்டும் ஆப்-ஆம்புக்கும் இன்வெர்ட்டருக்கும் அதுவே போதும்.

இன்டக்ரேட்டர்களுக்கு மட்டும் அதைப் போடாதீர்கள். என்இ 5532இன் பயஸ் மின்னோட்டம் (உள்ளீட்டுக் கால் வழியே ஓடும் டிசி மின்னோட்டம்) ஏறத்தாழ 200 நானோஆம்பியர். அதிர்வெண் பாட்டைத் திருப்பும்போது இன்டக்ரேட்டர் பார்க்கும் மின்தடை சில கிலோஓம்கள் மாறுகிறது. பேண்ட்பாஸ் வெளியீட்டின் டிசி நிலை சில மில்லிவோல்ட் அளவில் நகர்கிறது. பாட் புதிதாக இருந்தாலும் கரகரக்கிறது. கரகரக்கும் பாட்டுக்குக் கிளீனர் தெளித்துத் தெளித்துச் சலித்தவர்களுக்கு இது புரியும். ஃபெட் உள்ளீடு கொண்ட ஓபிஏ 2134 அல்லது டிஎல் 072 அந்த இடத்துக்குப் பொருந்தும். நான் கொடுத்த பகுப்பான் அமைப்பில் மோசமான நிலையிலும் சுமை 2.5 கிலோஓமுக்குக் கீழே போகாது, டிஎல் 072 தாங்கும். உங்கள் பழைய கணக்கின் 1.1 கிலோஓம் என்றால் திணறியிருக்கும். மேல் எல்லையில் க்யூ சற்று மிகைப்படும். 3 மெகாஹெர்ட்ஸ் கெயின் பேண்ட்வித்தில் (ஆப்-ஆம்பின் வேக எல்லை), 7 கிலோஹெர்ட்ஸில், க்யூ 4 என்றால் அந்த மிகை நான்கு சதவீத அளவு. கேங் விலகலை நினைத்தால் பேசத் தகுந்ததன்று.

மின்தேக்கிகளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இன்டக்ரேட்டர் மின்தேக்கியின் மீது முழு சமிக்ஞையும் நிற்பதால் எக்ஸ்7ஆர் பீங்கான் அங்கே திரிபை உண்டாக்கும், 6.8 நானோஃபாரடுக்கு சி0ஜி பீங்கான் அல்லது பாலிப்ரொப்பிலீன், 68 நானோஃபாரடுக்குப் பாலிப்ரொப்பிலீன். பவர் சப்ளையையும் கணக்கில் வையுங்கள்: என்இ 5532 ஒரு சிப்புக்கு 8 மில்லிஆம்பியர், டிஎல் 072 அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். சேனலுக்கு ஆறு சிப், எட்டுச் சேனல், எல்லாம் 5532 என்றால் 384 மில்லிஆம்பியர் ஈக்வலைசருக்கு மட்டுமே போய்விடும்.

சமிக்ஞை எல்லையைத் தொடுவதைக் காட்டும் பீக் எல்இடியை ஈக்வலைசருக்கு முன்னால் மட்டும் வைத்துவிட வேண்டாம். பிளஸ் மைனஸ் 15 வோல்ட்டில் வெளியீடு 21 டிபியூ அளவில் வெட்டுப்படும். 4 டிபியூ சமிக்ஞையை 15 டெசிபெல் ஏற்றினால் 19. மிச்சம் 2 டெசிபெல்தான். கன்சோலுக்குள் 0 டிபியூ அல்லது மைனஸ் 2 டிபியூவில் ஓட்டுவது இதை எண்ணித்தான்.

வடிகட்டி:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மூவருக்கும் நன்றி. கெயின் பெருக்கிகள், கூட்டும் ஆப்-ஆம்புகள், இன்வெர்ட்டர்கள் ஆகியவற்றுக்கு 5532. இன்டக்ரேட்டர்களுக்கு டிஎல் 072 என்று பட்டியலை முடித்துவிட்டேன். கடைசியாக, ஈக்வலைசரை முழுதாக விலக்கும் சுவிட்ச் ஒன்று வைக்க வேண்டும். உள்ளீட்டையும் வெளியீட்டையும் நேராக இணைத்துவிட்டால் போதுமா?

ஓசைநெறி:

ஒவ்வொரு நடுப் பேண்டும் தன் பெருக்கியால் குறியைத் திருப்புகிறது. இரண்டையும் சேர்த்து விலக்கினால் இரண்டு திருப்பங்கள் ஒன்றையொன்று சரிசெய்துவிடும். ஒன்றை மட்டும் விலக்கினால் அந்தச் சேனல் எதிர்க் குறியாகி, அதே கருவியின் மீது வைத்த இன்னொரு மைக்கோடு சேரும்போது கீழ் ஒலிகள் கரைந்துவிடும். பேண்டுக்கு ஒரு சுவிட்ச் வைக்க விரும்பினால் சமிக்ஞைப் பாதையைத் தொடாதீர்கள். ஃபில்டரிலிருந்து வரும் 2.2 கிலோஓம் பாதையை மட்டும் துண்டியுங்கள். பெருக்கி வெறும் இன்வெர்ட்டராக நின்று குறியைக் காப்பாற்றும். இரைச்சல் கெயினும் 6.55இலிருந்து 2க்கு இறங்கி, மொத்த இரைச்சல் சுமார் மைனஸ் 108 டிபியூ ஆகும். தட்டையாக விட்ட பேண்டைவிட விலக்கிய பேண்ட் 7 டெசிபெல் அமைதியானது.

இரட்டைகேங்:

அந்தச் சுவிட்ச் ‘டப்’ என்று ஒலிக்காமல் இருக்க, பேண்ட்பாஸ் வெளியீட்டுக்குப் பின் 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, அதன் பின் பூமிக்கு 100 கிலோஓம், அதற்குப் பிறகே சுவிட்ச், பிறகு 2.2 கிலோஓம். 2.2 கிலோஓமோடு 47 மைக்ரோஃபாரட் வெட்டும் இடம் 1.5 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் உங்கள் 54 ஹெர்ட்ஸ் எல்லைக்கும் தொந்தரவில்லை. போர்டு வரைபடம் தயாரானதும் இங்கே இடுங்கள். 5532 ஒவ்வொன்றின் சப்ளைக் கால்களுக்கு இடையிலும் 100 நானோஃபாரட் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.